கிழக்கே தலை வெச்ச டப்

வாங்கோ, உக்காருங்கோ. அந்த சோபால வேண்டாம், ஸ்பிரிங் போயிருக்கு. இந்த நாற்காலி சௌகரியமா இருக்கும். பொம்மனாட்டிகளை ஸ்டேஷனுக்குக் கூப்பிடப்படாது, ஆத்துக்கே வந்துதான் விசாரிக்கணும்னு சட்டமாமே. நல்ல சட்டம். யாரோ யோசிச்சுப் போட்டிருக்கா.

ஜோதிலட்சுமின்னு பேட்ஜ்ல போட்டிருக்கு, அழகான பேர். ஏன் இன்ஸ்பெக்டர், கூட வந்த கான்ஸ்டபிள் பொண்ணு நின்னுண்டே இருக்கே? காபி சாப்பிடறியாம்மா? வேண்டாமா? தீர்த்தமாவது? அதுவும் வேண்டாமாம். இந்தக் காலத்துப் பொண்கள் யாருமே தண்ணி குடிக்கறதில்லை.

எங்காத்துக்காரர் கஸ்தூரிரங்கன் உங்ககிட்ட எழுதிக் குடுத்ததைப் படிச்சேன். "என் மனைவிக்கு அறுபத்தேழு வயசு. கொஞ்ச நாளா மறதி. வேலைக்காரி பாஞ்சாலி பாத்ரூமுக்குள்ள இருக்கறது தெரியாம, வழக்கம்போல வெளித்தாழ்ப்பாளைப் போட்டுட்டா." வக்கீல் சொல்லிக் குடுத்திருக்கார், இவரும் கையெழுத்துப் போட்டிருக்கார். நாப்பத்திமூணு வருஷம் கூட வாழ்ந்தவர் என்னைப் பத்தி இப்படியா எழுதுவார்? மனசு ரொம்பக் கஷ்டமா போச்சு. எனக்கு மறதி கிடையாது. முப்பது வருஷம் ஸ்கூல்ல லைப்ரரியனா இருந்தேன். எண்பத்தெட்டுல புஸ்தகம் எடுத்துண்டு போய்த் திருப்பாதவா பேரை இப்பவும் வரிசையாச் சொல்வேன். அதைத் திருத்தறதுக்குத்தான் உங்களை வரச் சொன்னேன். இவர் வக்கீலைப் பாக்கப் போயிருக்கார். வர ஒரு மணி நேரமாகும். எழுதிக்கோங்கோ.

டப்புலேர்ந்து ஆரம்பிக்கணும். அடையார்ல இருக்கற என் ஓர்ப்படி பாத்ரூமைப் புதுசு பண்ணி டப் போட்டா. கிரகப்பிரவேசம் மாதிரி எல்லாரையும் கூப்பிட்டுக் காமிச்சா, கேசரி வேற. அஞ்சடி டப். எனக்குப் பொறாமையெல்லாம் கிடையாது. நாம வாங்கினா ஆறடியா வாங்கணும்னு மட்டும் நெனச்சுண்டேன். நான் அஞ்சடிக்கு ஒரு அங்குலம் கம்மி. அது வேற விஷயம்.

தேனாம்பேட்டைல ஒரு ஷோரூம். ஆறு தடவை போனோம். ஜைத்னு ஒரு பிள்ளை, தங்கமான குணம், ஒரு தடவைகூட முகம் சுளிக்கலை. அக்ரிலிக் லேசா இருக்கும், சூடு தாங்கும். கல்லு டப் கனம், மூணாவது மாடிக்கு வேண்டாம்னான். ஒவ்வொண்ணையும் பலாப்பழம் பாக்கற மாதிரி தட்டித் தட்டிப் பார்த்தேன். "மேடம், செருப்பைக் கழட்டிட்டு ஒருவாட்டி படுத்துப் பாருங்க"ன்னான். புடவையை இழுத்துச் சொருகிண்டு, கடை நடுவுல, கண்ணை மூடிண்டு படுத்தேன். எங்காத்துக்காரர் ஷவர் பாக்கற மாதிரி அந்தப் பக்கம் போயிட்டார். அப்பாடா, என்ன நிம்மதி! இதுதான்னு அப்பவே தெரிஞ்சுடுத்து.

அளவெடுக்க ஜைத் ஆத்துக்கு வந்தப்பதான் சிக்கல். எங்க பாத்ரூம்ல குழாயெல்லாம் தெற்குச் சுவர்ல. குழாய்ப் பக்கம் காலை நீட்டினா தலை வடக்கே போறது. வடக்கே தலை வெச்சு மனுஷா படுப்பாளோ? "குளிக்கத்தானே போறீங்க மேடம், தூங்க இல்லையே"ன்னான். கண்ணசந்துட்டா? பெருமாளே, அவனுக்கு என்ன தெரியும், சின்னவன். குழாயை மாத்தணும்னா தரையை உடைக்கணும், கீழ் ஃப்ளாட் ராமானுஜம் மாமா ஆத்து சீலிங்ல கை வைக்கணும்னு பிளம்பர் சொன்னான். அவர் பாவம், ஹார்ட் பேஷன்ட். அடுத்தவாளைத் தொந்தரவு பண்ணி நமக்கு ஒரு சுகம் வேணுமா சொல்லுங்கோ.

டப்பைக் கிழக்கு மேற்கா திருப்பினா தலை கிழக்கே வரும், ரொம்ப விசேஷம். ஆனா இடம் போறலை. மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் மூணடிக்கு நாலடி, சும்மா ஒரு சின்ன இடம். வேலைக்காராளுக்குன்னு பில்டர் கட்டின லெட்ரின். பின் பால்கனி வழியா கதவு. சுவரை எடுத்தா எல்லாம் சரியாயிடறது. எடுத்தோம்.

அதை பாஞ்சாலி ஒருத்திதான் உபயோகப்படுத்திண்டு இருந்தா. பதிமூணு வருஷமா எங்காத்துல வேலை. முன்னாடி அடையாறு ஆத்தோரம் குடிசை, நடந்து வந்துடுவா. அதை இடிச்சுப் பெரும்பாக்கத்துல வீடு குடுத்துட்டா. ரெண்டு பஸ் மாறி, ஏழு மணிக்கு டாண்ணு இங்க இருப்பா. இதே பில்டிங்ல இன்னும் ரெண்டு ஃப்ளாட் பண்றா. அங்கெல்லாம் அவளுக்குன்னு ஒண்ணும் கிடையாது. வாட்ச்மேன் ரூம்ல இருக்கறது ஆம்பளைகளுது. நாங்கதான் தனியா வெச்சிருந்தோம். அதை யாரும் சொல்ல மாட்டா.

சுவர் உடைக்கற அன்னிக்குத் துடைப்பத்தைப் பிடிச்சுண்டு நின்னா. "இன்னா மாமி இது? நான் எங்க போவேன்?"

"வரும்போதே போயிட்டு வாயேன்."

"அஞ்சு மணிக்கு பஸ் ஏறி வந்துகினு கீறேன் மாமி. திரும்ப வூட்டுக்குப் போறப்போ ஏழு ஆய்டுது. நானும் பொம்பளதானே?"

எல்லாம் பழக்கம்தாண்டீன்னேன். நான் சொன்னது சரியாத்தான் போச்சு, பழகிண்டுட்டா. முதல்ல காபியை விட்டா, அப்புறம் தண்ணியை. எனக்கும் ஒரு டம்ளர் காபி மிச்சம். ரெண்டு மாசத்துல இளைச்சுப் போயிட்டா. இடுப்புல ஒரு கையை வெச்சுண்டே பெருக்குவா, அடிக்கடி ஜுரம்னு லீவு. ஒரு நாள் ஆஸ்பத்திரி சீட்டைக் காமிச்சா. "டாக்டர் நெறைய தண்ணி குடிக்கச் சொல்றாரு மாமி." குடியேன், யார் வேண்டாம்னான்னு கேட்டேன். நான் ஒரு நாளும் அவளைத் தண்ணி குடிக்காதேன்னு சொன்னதில்லை. அதை நன்னா எழுதிக்கோங்கோ.

டப் நன்னா வந்துது. பாக்கறேளா? வாசல்லேர்ந்து பாருங்கோ, ஷூவோட உள்ள வேண்டாம். வெள்ளை வெளேர்னு இருக்கு பாருங்கோ. உள்ள பச்சை வாளி எதுக்குன்னு கேக்கறேளா? வாளியை அதுக்குள்ள வெச்சுண்டு, நின்னு, சொம்பால எடுத்து விட்டுக்கறேன். தண்ணி ரொப்பி உக்காந்தா நம்ம அழுக்குலயே நாம ஊறணும். அது எனக்கு அருவருப்பு. குளிச்சதும் பாஞ்சாலி வெளியில நின்னு வாளியை வாங்கிப்பா, நானே டப்பைத் துடைச்சுக் காய வெச்சுடுவேன். அவளை உள்ள விட்டதில்லை.

அந்த சனிக்கிழமை பெங்களூர்ல பேத்திக்கு ஆண்டு நிறைவு. காலம்பர வண்டி. இவர் பெட்டியை எடுத்துண்டு கீழே போயிட்டார். பாஞ்சாலிகிட்ட, பாத்திரத்தை முடிச்சுட்டு வெளியில வா, பூட்டணும்னு சொல்லிட்டு நானும் லிஃப்ட் வரைக்கும் போனேன். முறுக்கு சம்படத்தை மறந்துட்டேன். ஆமா, அது ஒண்ணுதான் மறந்தேன். திரும்பி வந்தா சமையல்கட்டுல அவ இல்லை. பை ஆணியில தொங்கறது, செல்போன் அதுக்குள்ள. பாத்ரூம் கதவு சாத்தியிருக்கு. உள்ள ஃப்ளஷ் பண்ற சத்தம். இந்த ஃப்ளஷ்ஷுல சத்தமே வராதுன்னு ஜைத் சொல்லியிருந்தான்.

நான் கத்தலை. கத்தற பழக்கம் எனக்குக் கிடையாது. கரப்பான் வரப்படாதுன்னு வெளியில ஒரு தாழ்ப்பாள் வெச்சிருக்கோம், அதைப் போட்டேன். மெதுவாத் தட்டினா. "மாமி, முடியல மாமி, மன்னிச்சிடு மாமி"ன்னா. கொஞ்ச நேரம் இருக்கட்டும், புத்தி வரும்னு நெனச்சேன். கீழேர்ந்து இவர் டாக்ஸிக்காரனை ஹாரன் அடிக்கச் சொல்லிட்டார். ஊருக்குப் போறச்சே தண்ணி வால்வை மூடறது எங்காத்து வழக்கம். அன்னிக்கும் மூடினேன். சம்படத்தை எடுத்துண்டேன், வாசக்கதவைப் பூட்டினேன்.

பாஞ்சாலி போயிட்டாளான்னு இவர் கேட்டார். ஆச்சுன்னேன். காட்பாடில இட்லி சாப்பிட்டப்போ ஞாபகம் இருந்துது. பேத்தி கேக் வெட்டறப்போ, ஞாயித்துக்கிழமை மத்யானம் கண்ணசர்றப்போ, எல்லாப் பொழுதும் ஞாபகம் இருந்துது. ராமானுஜம் மாமாகிட்ட எங்காத்து மாத்துச் சாவி இருக்கு. ஒரு போன் போட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல திறந்து விட்டிருப்பார். ரெண்டு தடவை நம்பரைக்கூட எடுத்தேன். ஆனா என்னன்னு சொல்றது? எங்க பாத்ரூம்ல வேலைக்காரி இருக்கா, திறந்து விடுங்கோன்னா? பில்டிங் முழுக்கத் தெரிஞ்சுடும். அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுண்டு லிஃப்ட்ல போறது? மானம் போயிடாதா?

அவ தட்டினது கீழே மாமாவுக்குக் கேட்டுதாம். எங்காத்துல பாத்ரூம் வேலை இன்னும் முடியலைன்னு நெனச்சுண்டாராம். ஆறு மாசம் அந்த சத்தத்தைப் பொறுத்துண்ட மனுஷர்.

திங்கக்கிழமை காலம்பர, தனிக்குடித்தனம் இருக்கற அவ பொண்ணு, ரெண்டு நாளா அம்மா போனை எடுக்கலைன்னு தேடிண்டு வந்து, வாசல்ல நின்னு போன் போட்டிருக்கா. பூட்டின ஆத்துக்குள்ள மணி அடிச்சிருக்கு. மாமாதான் சாவியைக் கொண்டுவந்து திறந்தார். அம்பது மணி நேரம். ஃப்ளஷ் டேங்க்ல மிச்சம் இருந்ததைக் குடிச்சிருக்கா. ரெண்டு கிட்னியும் படுத்துடுத்து, மெஷின் போட்டிருக்கான்னு நேத்திக்கு நீங்களே போன்ல சொன்னேள். கேட்டப்போ எனக்குக்கூட ஒரு மாதிரி இருந்தது. பிழைச்சு வரட்டும். அவ வேலையை வேற யாருக்கும் குடுக்க மாட்டேன், நான் வஞ்சம் வெச்சுக்கறவ இல்லை.

ஒண்ணு சொல்லணும். அவ வெறுந்தரையில, டப்புக்குப் பக்கத்துல சுருண்டு கிடந்தாளாம். டப்புல ஏறிப் படுக்கலை. நான் வந்ததும் முதல்ல அதைத்தான் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. அவ்வளவு ஜுரத்துலயும் தன் இடம் எதுன்னு தெரிஞ்சிருந்தது பாருங்கோ. பதிமூணு வருஷம் நான் பழக்கினது வீண் போகலை.

எங்க கையெழுத்துப் போடணும்? இங்கயா? தெரிஞ்சேதான் பூட்டினேன்னு தெளிவா இருக்கட்டும். மறதிங்கற வார்த்தை எங்கேயும் வரப்படாது.

என்ன இன்ஸ்பெக்டர், அந்தப் பொண்ணு உங்க காதுல என்னமோ சொல்றதே? காலம்பரேர்ந்து டியூட்டியா? பாத்ரூமா?

ஏம்மா, வரும்போதே போயிட்டு வந்திருக்கப்படாதோ?