நல்ல கிருமியைக் குடிவைத்தவர்

...நீங்களே சொல்லுங்க தம்பி, ஏசி போட்டுட்டா முடி அழகா வெட்டுப்பட்டுருமா? எதிர்ல அந்தப் புதுக்கடை வந்து மூணு மாசந்தான் ஆச்சு. இருபது வருஷமா எங்கிட்ட தலையக் குடுத்தவங்கெல்லாம் அங்க போய் வரிசையில உக்காந்திருக்காங்க! கொஞ்சம் நிமிருங்க. ஏன் அந்தப் பக்கமே சாயறீங்க, கழுத்து சுளுக்கா? ஷேவிங் பண்றப்ப ஆடக்கூடாது.

நானும் ஏசிதான் காரணம்னு நெனச்சேன். என் வீட்டுக்காரிதான் போட்டு ஒடச்சா. 'ஏசியும் இல்ல, கீசியும் இல்ல, உங்க வாய் நாத்தம்'னுட்டா! கட்டின பொண்டாட்டி பேசற பேச்சா இது? பல் டாக்டர்கிட்ட வேற இழுத்துட்டுப் போனா. அந்த டாக்டர் பொண்ணு வாய்க்குள்ள லைட் அடிச்சுப் பாத்துட்டு, கெட்ட கிருமி நெறைய இருக்கு, தினம் சக்கரை போடாம தயிர் சாப்பிடுங்க, அதுல இருக்கற நல்ல கிருமி கொஞ்சம் ஒத்தாசையா இருக்கும்னுச்சு. மேல என்னமோ சொல்லிக்கிட்டே இருந்துச்சு... நமக்குத்தான் ஆரம்பிச்சாலே விஷயம் புரிஞ்சிருமே, எழுந்து வந்துட்டேன்.

அன்னிலேருந்து வேளைக்கு ஒரு கிண்ணம். சும்மா முழுங்கல தம்பி! அஞ்சு நிமிஷம் வாயிலயே வச்சிருப்பேன். மொத நாள் நான் அஞ்சு நிமிஷம் பேசாம இருந்ததப் பாத்து, எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு அவ தம்பிக்குப் போன் பண்ணிட்டா. அந்த மச்சான் இருக்கானே... தயிர்னாலே காத தூரம் ஓடுவான். முப்பத்திரெண்டு பல்லும் பளபளன்னு இருக்கு. அதக் காட்டறதுக்குன்னே சிரிப்பான், ராஸ்கல்!

எனக்கு என்ன பலன்? பூஜ்யம்! நேத்து ஒருத்தர் உக்காந்த ஒடனே, அடுப்புல பால் வச்சுட்டு வந்துட்டேன்னு எழுந்து போறாரு. மூணு வேளையும் ஓட்டல்ல சாப்பிடற மனுஷனுக்கு ஏது தம்பி அடுப்பு? இப்படியே போனா கடைய மூட வேண்டியதுதான். நெஜமாவே பயமா இருக்கு. இந்தக் கத்திய விட்டா எனக்கு வேற தொழில் தெரியாது.

என்ன, கையால என்னமோ காட்டறீங்க? வாயத் தொறந்து பேசுங்களேன், ஏன் மூச்சப் புடிச்சுக்கிட்டு... ஓ, பல்லு தேய்க்கறதா? அட, அத விட்டு இருபத்திரெண்டு நாளாச்சே! பின்ன? பாடுபட்டு நல்ல கிருமியக் குடிவச்சுட்டு, நானே பிரஷ்ஷப் போட்டு வெளிய தள்ளுவேனா? கொப்புளிக்கறதுகூட இல்ல தம்பி, அதுங்களுக்கு அதிர்ச்சியாயிரும் பாருங்க... தம்பி! தம்பி! இன்னொரு கன்னம் அப்படியே இருக்கு! போத்தின துணியோட எங்க ஓடறீங்க? ஐயோ, அந்தக் கடைக்கா?

போயிட்டான்யா. அப்படி என்ன பெருசா... கையக் குவிச்சு ஊதினா... ஹா...

ஐயய்யய்யோ!

பிரஷ்! என் பிரஷ் எங்க? இந்த டிராயர்லதான... ஆங், இந்தா இருக்கு... அடச்சே! இதாலதான இருபத்திரெண்டு நாளா மெஷின்ல ஒட்டின முடியத் தட்டிக்கிட்டிருக்கேன்!