தடுப்புக்கு அந்தப் பக்கம்

எனக்கு நல்ல குரல் என்று எல்லோரும் சொல்வார்கள். பாட்டுக்கு ஆகாது. ஆனால் பதறிப்போய் இருப்பவரைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்த மாதிரி இருக்கும் என்று எங்கள் மேற்பார்வையாளரே சொல்லியிருக்கிறார். நெடுஞ்சாலை உதவி மையத்தில் என்னை வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான். நீங்களும் பதிவில் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் என்னை இங்கே ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். செத்துப்போனவன் என் மகளின் கணவன். அவன் கடைசியாகப் பேசியது என்னிடம். நான்தான் அவனைக் கொன்றேனா என்று காலையிலிருந்து சுற்றி வளைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நேராகவே கேட்கலாம், நான் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டேன். குறுக்கே மட்டும் பேசாதீர்கள். நாள் முழுக்க ஊரார் கத்தலைக் கேட்டுக் காது புளித்துப்போனவள் நான்.

நான் வேலை பார்க்கும் அறையைப் போய்ப் பார்த்திருப்பீர்கள். சுவர் முழுக்கத் திரைகள், ஒவ்வொன்றிலும் சாலையில் ஒரு துண்டு. முந்தைய ஆளின் வியர்வை காயாத ஹெட்போன். பக்கத்து நாற்காலிக்காரிக்கு நாங்கள் வைத்த பெயர் கொறிப்பு, அவள் வாய் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. சாலையில் என்னென்னவோ விழும். லாரி டயர் பட்டை பட்டையாக உரிந்து கிடக்கும். கட்டு அவிழ்ந்த பலகை, கம்பி, வாளி எல்லாம் கிடக்கும். ஒரு முறை முழுசாக ஒரு சோபா நடுச்சாலையில் விருந்தாளிக்குக் காத்திருந்தது. அதில் இடித்தவர்கள் எங்களை அழைப்பார்கள். நாங்கள் ரோந்து வண்டியை அனுப்புவோம். அது பின்னால் வந்து விளக்கைச் சுழலவிட்டு நின்றால், மற்ற வண்டிகள் ஒதுங்கிப் போகும்.

எப்படி ஓட்ட வேண்டும் என்று கேட்டால் நான் தூக்கத்திலும் சொல்வேன். முன்னால் போகும் வண்டியைத் தாண்டிச் சாலை கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இடைவெளி விட வேண்டும். கட்டு சரியில்லாத பாரவண்டி என்றால் இன்னும் பின்தங்க வேண்டும். எதிரே ஏதாவது கிடந்தால் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பக் கூடாது, இறுக்கிப் பிடித்து, பின்னால் யார் வருகிறார் என்று கண்ணாடியில் பார்த்து, வேகத்தைக் குறைக்க வேண்டும். இடித்துவிட்டால் ஓரம் கட்ட வேண்டும். இவ்வளவும் பலருக்குத் தெரியும். அதற்கப்புறம் என்ன செய்வது என்பதுதான் தெரியாது. எங்கள் சாலையில் இடித்ததால் செத்தவர்கள் குறைவு. இடித்த பிறகு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்து, பின்னால் வந்த லாரிக்குப் பலியானவர்கள்தான் அதிகம்.

அதனால் எங்களுக்கு ஒரு கேள்வி உண்டு. அதைக் கேட்காமல் எந்த அழைப்பையும் வைக்கக் கூடாது. "வண்டியை விட்டு இறங்கிட்டீங்களா? தடுப்புக்கு அந்தப் பக்கம் நிக்கிறீங்களா?" அவ்வளவுதான். சாலை ஓரத்து இரும்புத் தடுப்பைத்தான் சொல்கிறேன். பதற்றத்தில் தலைகால் புரியாமல் இருக்கும் ஆளுக்கு இது தானாகத் தோன்றாது, நாம் சொன்னால் உடனே செய்வார். பெரிய பதவியில் இருப்பவர்கூடப் பள்ளிப் பிள்ளை மாதிரி போய் நிற்பார். போனில் வருகிற குரலை அப்படி நம்புவார்கள்.

நம்புகிறவர்கள்தான் திட்டவும் செய்வார்கள். சாலையில் பலகையைப் போட்டது நான்தான் என்பது போல் எரிந்து விழுவார்கள். ஒருவர் என் மகள் வயசு இருப்பார், "ஏம்மா, தூங்கறதுக்கா உன்னை அங்க உக்கார வச்சிருக்காங்க?" என்று ஆரம்பித்து, என்னைப் பெற்றவர்கள் வரைக்கும் போய்விட்டுத்தான் நிறுத்தினார். திருப்பி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சொன்னால் பதிவாகும். மேற்பார்வையாளர் கூப்பிட்டு, குரலில் புன்னகை தெரிய வேண்டும் என்று பாடம் எடுப்பார். நான் புன்னகையோடு ரோந்து வண்டியை அனுப்பிவிட்டு அழைப்பை வைத்தேன். வைத்த பிறகுதான் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அது நிஜமாகவே மறதி. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். திரும்ப அழைத்துச் சொல்லியிருக்கலாம். போனில் கையை வைத்தேன், அப்புறம் எடுத்துவிட்டேன். அந்த ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார். ஆனால் ரோந்து வண்டி அவரிடம் போய்ச் சேருகிற வரைக்கும் எனக்கு மனசு லேசாக இருந்தது. எத்தனையோ காலமாகத் தொண்டையில் நின்ற ஒன்று கீழே இறங்கின மாதிரி. கொறிப்பு நீட்டிய கடலையை அன்றைக்குத்தான் முதல்முறையாக வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் அது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. மரியாதையாகப் பேசுகிறவர்களுக்கு எல்லாமே கிடைக்கும். கேள்வியும் கேட்பேன், கூடவே குழந்தைகள் இருந்தால் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன், தண்ணீர் இருக்கிறதா என்று விசாரிப்பேன். வாயில் வந்தபடி பேசுகிறவர்களுக்கு இடத்தைக் கேட்பேன், வண்டியை அனுப்புவேன், வணக்கம் சொல்லி வைத்துவிடுவேன். யாரையும் நான் வைததில்லை. அவர்கள் கேட்டதைக் கொடுத்தேன், கேட்காததைக் கொடுக்கவில்லை. கடையில்கூட முகம் பார்த்துத்தானே கொசுறு போடுகிறார்கள்.

அவர்களில் ஒருவர் பிழைக்கவில்லை. புதுக் கார் வாங்கியவர். பானெட்டில் கீறல் விழுந்துவிட்டது என்று எங்கள் மையத்தையே இழுத்து மூடப்போவதாகக் கத்தினார். காருக்குள் உட்கார்ந்து வக்கீலோடு பேசிக்கொண்டிருந்தபோது லாரி மோதியது. விசாரணைக்கு வந்தவர்கள் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். நான் பயந்துதான் நின்றேன், இல்லை என்று சொல்லவில்லை. கேட்டு முடித்துவிட்டு, இவ்வளவு வசவுக்கு நடுவிலும் எவ்வளவு பொறுமை என்று என்னைப் பாராட்டினார்கள். மேற்பார்வையாளருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அந்தப் பதிவைத்தான் இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு மாதிரி என்று போட்டுக் காட்டுகிறார். எல்லோரும் என் குரலைத்தான் கேட்டார்கள். அதில் ஒரு கேள்வி குறைகிறது என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. புதியவர்கள் அப்படியே என்னை மாதிரிப் பேசப் பழகியிருக்கிறார்கள். அவர்களும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, உங்களுக்கு நேரம் இருந்தால் போய் விசாரியுங்கள்.

இப்போது என் மாப்பிள்ளைக்கு வருகிறேன்.

அவன் என் மகளைக் கை நீட்டி அடித்ததில்லை. குடிப்பதில்லை. சம்பாதிப்பதை வீட்டுக்குத்தான் கொண்டுவருவான். இதையெல்லாம் நானே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் கண்டுபிடித்த மாதிரி என் முன்னால் வைக்க வேண்டாம். அவனிடம் எனக்குப் பிடிக்காதது அவன் வாய். மூக்குக்கு மேல் கோபம் வரும், பெரியவர் சிறியவர் பார்க்க மாட்டான். அடுத்தது அவன் கார் ஓட்டுகிற லட்சணம். முன்னால் போகிறவன் முதுகில் ஏறி உட்கார்ந்துதான் ஓட்டுவான். பின் சீட்டில் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பேன்.

ஒரு நாள் வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் நான் அவனிடம், "கொஞ்சம் தள்ளிப் போப்பா, லாரியிலிருந்து எதாவது விழுந்தா திருப்பக்கூட இடம் இருக்காது" என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அவன் சிரித்தான். "அத்தை, நீங்க போன் எடுக்கற வேலைதானே பாக்கறீங்க? என்னமோ நீங்களே ரோடு போட்ட மாதிரி பேசறீங்க" என்றான். வந்தவர்கள் சிரித்தார்கள். அது போகட்டும், அவர்கள் வந்த வேலை சாப்பிடுவதும் சிரிப்பதும். என் மகளும் சிரித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தாள். தனியாளாக நின்று வளர்த்த பிள்ளை, கண் முன்னால் அவன் பக்கம் போய் நின்றுகொண்டது. அன்றைக்குச் சாப்பிட்ட தட்டுகளை எல்லாம் நான்தான் கழுவி வைத்தேன்.

அந்த அழைப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. "யாராவது இருக்கீங்களா அங்க? லாரியிலேர்ந்து கம்பி எகிறி வந்து கண்ணாடிய ஒடச்சிடுச்சு. டயரும் போச்சு." முதல் வார்த்தையிலேயே அவன் என்று தெரிந்துவிட்டது. அவனுக்கு என்னைத் தெரியவில்லை. தெரிய வேண்டுமென்றால் வீட்டில் நான் பேசும்போது என்றைக்காவது காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். இடத்தைக் கேட்டேன். மேம்பாலம் இறங்கியதும் வருகிற வளைவு. அந்தத் திரையைப் பெரிதாக்கினேன். கார் பாதி ஓரத்திலும் பாதி சாலையிலுமாக நின்றது. வளைவு திரும்பி வருகிறவனுக்கு, மோதுகிற தூரத்துக்கு வந்த பிறகுதான் அது கண்ணில் படும்.

கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "என் வொய்ஃப். நெத்தியில கண்ணாடி குத்தி ரத்தம் கொட்டுது. நீ என்னடான்னா உக்காந்து கத கேட்டுட்டு இருக்க. வண்டிய அனுப்பு மொதல்ல. தண்டச்சோறு."

ரத்தம் என்றதும் எனக்கு உயிரே போய்விட்டது. பெற்றவள் இல்லையா. ரோந்து வண்டியை உடனே அனுப்பினேன், ஆம்புலன்சுக்கும் சொன்னேன். நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஒரு நொடி தாமதம் இருக்காது. அனுப்பாமல் விட நான் என்ன கொடுமைக்காரியா? அது வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பதும் எனக்குத் தெரியும். அதற்குள் அந்த வளைவில் எத்தனை லாரி திரும்பும் என்பதும் தெரியும்.

"சார், அந்தம்மாவ மொதல்ல எறக்குங்க. வண்டி வராத பக்கத்துக் கதவு வழியா. தடுப்ப தாண்டி, நல்லா தள்ளிப் போய் நிக்கச் சொல்லுங்க" என்றேன். அவன் அவளிடம் சொல்வது கேட்டது. குரல் இறங்கியிருந்தது, பார்த்துப் போ, கையைக் கண்ணாடி மேல் வைக்காதே என்றான். திரையில் என் மகள் நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டு இறங்கினாள். தடுப்பைத் தாண்டி நின்றாள். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு அவன், "நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டான்.

மற்றவர்களிடம் நான் கேட்காமல் விட்டேன், அவ்வளவுதான். இவனிடம் அப்படி இல்லை. இவன் வாய் திறந்து கேட்டான். நானும் வாய் திறந்து சொன்னேன். "நீங்க வண்டியிலயே இருங்க சார். பெல்ட்ட போட்டுக்கங்க. ஆள் இல்லாத வண்டிய எங்க ஆளுங்க எடுக்க மாட்டாங்க. இப்ப வந்துடுவாங்க." அப்படி ஒரு விதி கிடையாது. அந்த நொடியில் நானே உண்டாக்கியது. சொல்லும்போது என் குரலில் புன்னகை இருந்தது, பதிவில் நீங்களே கேட்டிருப்பீர்கள். ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில் ஆமாம். எழுதிக்கொள்ளுங்கள்.

மகள் அங்கிருந்து கையை ஆட்டி அவனை வரச் சொன்னாள். அவன் போனைத் தூக்கிக் காட்டி, இரு என்று சைகை செய்தான். அவளும் கையை இறக்கிக்கொண்டாள். லாரி திரும்பியது. நான் திரையை அணைக்கவில்லை. யாராவது ஒருவர் பார்க்க வேண்டும் அல்லவா? கொறிப்புதான் எழுந்து நின்று அலறினாள்.

மகள் கொடுத்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். போன் ஸ்பீக்கரில் இருந்ததாம். அம்மா குரல் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டதாம். அவரை உள்ளேயே இருக்கச் சொன்னதும் உடைந்த கண்ணாடி வழியாகக் கேட்டதாம், கையை ஆட்டிக் கூப்பிட்டவள், அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாளாம். படிக்கும்போது உங்கள் குரல் தடுமாறியது, கவனித்தேன். எனக்கு அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. என் பேச்சை அவள் இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு முறை கேட்டிருக்கிறாள், கேட்டதால் உயிரோடு இருக்கிறாள். என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாளாம். நெற்றியில் தையல் பிரிக்கட்டும், வருவாள். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அவன் கோபத்தில் கத்தவில்லை, மனைவிக்கு அடிபட்ட பயத்தில் கத்தினான் என்கிறீர்கள். இருக்கலாம். பயந்தால் மரியாதை மறந்துபோகும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவனுக்கும் மரியாதை தெரியாமல் இல்லையே. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கடைசியாக என்ன சொன்னான் என்று பதிவை இன்னொரு முறை போட்டுக் கேளுங்கள். "சரிங்கம்மா, ரொம்ப நன்றிங்கம்மா" என்றான். எடுத்த எடுப்பிலேயே அப்படிப் பேசியிருந்தால் அவனையும் இறக்கியிருப்பேன்.