உள்ளங்கால் கரி

சீசனில் ஐந்தருவிப் பாறை வழுக்கும் என்று என்னிடம் எண்ணெய் தேய்க்க உட்காருகிற எல்லோருக்கும் சொல்லுவேன் ஐயா. உச்சந்தலை முதல் கணுக்கால் வரைதான் நாங்கள் தேய்ப்போம். தப்பித்தவறி உள்ளங்காலில் பட்டுவிட்டால், துண்டால் அழுத்தித் துடைத்த பிறகுதான் ஆளை எழுப்பி விடுவோம். இத்தனை வருஷத்தில் என் கை பட்டுக் குளிக்கப் போன ஒருவரும் விழுந்ததில்லை. தங்கசாமி கடை என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

என் மகள் சொக்கம்மாளைக் கொன்றவன் என் மச்சினன் பாண்டிராஜ். என் பெண்டாட்டி வள்ளித்தாயின் கூடப்பிறந்த தம்பி. சுரண்டையில் பட்டப்பகலில் குடித்துவிட்டு, அவளைப் பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தவன், கீழப்பாவூர் தாண்டுவதற்குள் பாலத்தில் கொண்டுபோய் மோதினான். அவளை அங்கேயே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார். சொந்தக்காரர்கள் கூடிப் பேசியபோது, என் பிள்ளையை என்ன செய்தாய் என்று கேட்டேன். "தெரியாது அத்தான்" என்றான். சொந்தத்துக்குள் கேஸ் எதற்கு என்று என் வாயை அடைத்தார்கள். வள்ளித்தாயும் அந்தப் பக்கம்தான் நின்றாள். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் எனக்கு ஆறவில்லை.

படுக்கையில் கிடந்து புழுத்துச் சாவான் என்று காத்திருந்தேன். அருவியில் தண்ணீர் இல்லாத மாதங்களில் வேலை கிடையாது. கடையில் உட்கார்ந்து போனில் பேய்ப்படம் பார்ப்பேன். நம்மூர்ப் பேய்கள் எனக்குப் பிடிக்காது. வேப்பிலையைக் கண்டால் ஓடிவிடும். தமிழில் பேசவிட்ட தாய்லாந்துப் படங்கள்தான் நியாயமாக இருக்கும். மொட்டைத்தலைப் பிக்கு ஒருவர் வந்து, உடம்பு செத்தாலும் செய்த வினை சாகாது, இன்னொரு வயிற்றில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று நிதானமாகச் சொல்லுவார். ஒரு படத்தில் பிணத்தின் மேல் கரியால் அடையாளம் வைத்தார்கள். அடுத்த பிறவியில் அதே இடத்தில் மச்சமாக வருமாம்.

பாண்டிராஜ் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன், தூக்கத்திலேயே போய்விட்டான். நல்ல சாவு என்று ஊரே மெச்சியது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவனைக் குளிப்பாட்டும்போது எண்ணெய் வைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். கைப்பழக்கம் உள்ளவன் அல்லவா. சோற்றுப்பானையின் அடிக்கரியைக் கட்டைவிரலில் எடுத்து வந்து, அவன் வலது உள்ளங்காலில் அழுத்தி வைத்தேன். வைக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தானுக்கு எவ்வளவு பாசம் என்று பேசிக்கொண்டார்கள்.

வருஷம் திரும்புவதற்குள் அவன் மகள் ஜெயசித்ராவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. அப்பாவே வந்து பிறந்திருக்கிறார் என்று அவர்கள்தான் சொன்னார்கள், நான் சொல்லவில்லை. தாத்தா பேரான பாண்டிராஜ் என்பதையே பேரனுக்கும் வைத்தார்கள். பேர் வைத்த அன்று தொட்டிலுக்குள் குனிந்து பார்த்தேன். வலது உள்ளங்காலில் வட்டமாகக் கறுப்பு இருந்தது.

அவனுக்குப் பேச்சு வரட்டும் என்று பொறுத்தேன். பதில் சொல்ல வாய் வேண்டுமே.

இந்தச் சாரல் சீசனுக்குக் குடும்பத்தோடு வந்தார்கள். அவனுக்கு வயது நாலு. "மாமா, இவனுக்கு எண்ணெ வச்சுக்கிட்டு இருங்க, நான் குளிச்சிட்டு வந்துருதேன்" என்று ஜெயசித்ரா அவனை என் மணையில் உட்கார்த்திவிட்டுப் பெண்கள் பக்கம் போனாள். கூச்சக்காரப் பயல். தேய்க்கத் தேய்க்க நெளிந்து சிரித்தான்.

"ஏலே, சொக்கம்மாள என்ன செஞ்சே?" என்று கேட்டேன்.

"தெரியாது தாத்தா" என்றான்.

அதே பதில் ஐயா. தாத்தா என்கிற சொல் ஒன்றுதான் புதிது.

உள்ளங்காலிலும் எண்ணெய் வைத்தேன். துடைக்கவில்லை. ஓடைப் பக்கத்துப் பாறையைக் காட்டி, "அங்கன ஏறி நின்னு பாருலே, அம்மா தெரிவா" என்றேன். ஓடினான். தண்ணீர் அவனை எங்கே கொண்டு சேர்த்தது என்பதை நீங்கள்தான் போய்ப் பார்த்தீர்கள்.

அது கண்மை, கண்ணு படக்கூடாதென்று தினமும் நான்தான் காலில் வைத்துவிடுவேன் என்று ஜெயசித்ரா இந்த ஸ்டேஷனுக்கு வந்து கதறினாளாம். அதை என்னிடம் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்க்கிறீர்கள். நான் இடிந்துபோவேன் என்று நினைக்கிறீர்கள்போல. எண்ணெய் பட்டால் கண்மை கரையும் என்பது எண்ணெய் தேய்க்கிறவனுக்குத் தெரியாதா? என் கட்டைவிரலில் கறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. அவன் காலைத் திருப்பிப் பார்த்தேன். மச்சம் ஒன்றும் இல்லை, பச்சைப்பிள்ளைக் கால். விரலைத் துண்டில் துடைத்தேன். அதற்குப் பிறகுதான் அவனைப் பாறைக்கு அனுப்பினேன்.