வலைக்காரன் என்ற பெயரில் படம் வரைந்தவர் யார் என்பது குறித்து

மனு விசாரணையில் சாட்சி சொல்லியது. நாள் 22.11.2007, மாலை 4 மணி.

என் பெயர் சித்திகா, வயது 33, தகப்பனார் பெயர் கலீல். கோவிலம்பாக்கத்தில் என் தாயாருடன் வசித்து வருகிறேன். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இணையத்தில் மக்கள் தாங்களாக ஒரு பெயரை வைத்துக்கொண்டு எழுதுவதும் படம் வரைவதும் என் ஆய்வுப் பொருள். சொந்தப் பெயரில் செய்யாத எதை அந்தப் பெயரில் செய்யத் துணிகிறார்கள் என்று தெரிந்துகொள்வது என் நோக்கம்.

கூடுவாஞ்சேரி ரயில் நிலையம் அருகில் ஜெயவேலு என்பவர் நடத்தும் பிரவுசிங் சென்டருக்கு இந்த வருடம் பிப்ரவரி மாதத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நாட்கள் போய் வருகிறேன். வருபவர்கள் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போடும் நோட்டைப் பார்க்க அவர் எனக்கு அனுமதி கொடுத்திருந்தார். ஜூன் மாதம் வலைக்காரன் என்ற பெயரில் ஒரு வலைப்பக்கம் தொடங்கப்பட்டு அதில் படங்கள் வந்தன. மின்சார ரயிலில் தொங்குகிறவர்களை வலையில் சிக்கிய மீன்களாக வரைந்திருந்த படத்தைப் பொத்தேரி கல்லூரி மாணவர்கள் அச்செடுத்து அறைகளில் ஒட்டியிருந்ததை நேரில் பார்த்தேன். அதன் பிறகு ஒரு நாள் ஜெயவேலுவின் கடையில் ஆறாம் நம்பர் கம்ப்யூட்டரில் முடிக்காத ஒரு படம் அழிக்கப்படாமல் கிடந்தது. இரண்டு நாள் கழித்து அதே படம் முழுமையாக அந்தப் பக்கத்தில் வந்தது. வரைகிறவர் இந்தக் கடைக்கு வருகிறவர் என்று அப்போதுதான் தெரிந்தது. ஜெயவேலுவைக் கேட்டேன். “எனுக்கு இன்னா மேடம் தெரியும், எத்தினியோ பேரு வந்துகினு போய்கினு கீறாங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போய் மின்விசிறியைத் துடைத்தார்.

கல்லூரி மாணவர் இருவர் மீது எனக்குச் சந்தேகம் இருந்தது. ஒரு மாதம் அவர்களைக் கவனித்தேன். இருவரும் கிரிக்கெட் ஸ்கோர் மட்டுமே பார்த்தார்கள். அதன் பிறகு ஆகஸ்டில் ஓர் ஏரியின் படம் வந்தது. அதில் இருந்த மீனுக்குச் செவுளின் கீழ் நூல் நூலாக மீசை தொங்கியது. அதை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனபோது என் தாயார் பார்த்து, “இது காலா, கடல் மீனு. ஏரியில எப்படி வரும்?” என்று கேட்டார். ஏரி மீனை அறியாத, கடல் மீனை மட்டும் நன்றாக அறிந்த ஒருவர் என்று அன்றைக்குக் குறிப்பேட்டில் எழுதினேன். அதன் பிறகு படம் வந்த தேதிகளை அடுக்கிப் பார்த்தேன். சனிக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்த படம் புரட்டாசிச் சனிக்கிழமைகள் நான்கிலும் வரவில்லை. மீன் விலை போகாத நாட்கள் அவை. கடை நோட்டை எடுத்து, அந்த நான்கு நாளும் வராமல் மற்றச் சனிக்கிழமைகளில் வந்திருப்பவர் யார் என்று தேடினேன். பகல் இரண்டு மணிக்கு முத்தாலம்மாள் என்ற ஒரு பெயர் மட்டும் பொருந்தியது. அந்தப் பெயரை நான் முன்பே பலமுறை படித்திருந்தேன். மீன் விற்கிற அம்மா, வெளிநாட்டில் உள்ள கணவரோடு பேச வருகிறார் என்று ஒவ்வொரு முறையும் தாண்டிப் போயிருக்கிறேன்.

அக்டோபர் 20-ஆம் தேதி அவரைக் கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் சந்தித்தேன். அவருக்கு வயது 42, ஊர் கோவளம், எட்டாவது வரை படித்தவர். கணவர் ஜீவானந்தம் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறார். வீட்டுக்கு வைத்த புதுக் கதவு எப்படி இருக்கிறது என்று கணவர் கேட்டபோது, காட்டுவதற்குப் புகைப்படம் இல்லாமல் கம்ப்யூட்டரிலேயே கதவை வரைந்து அனுப்பியதுதான் முதல் படம் என்றும், பிறகு கை நிற்கவில்லை என்றும் சொன்னார். பக்கத்தைத் தொடங்கிக் கொடுத்தவர் ஜெயவேலு. ஆண் பெயர் எதற்கு என்று கேட்டேன்.

“வலைக்காரன்னா படத்த பாக்குறாங்கோ. முத்தாலம்மானா என்னியத்தான் பாப்பாங்கோ” என்றார்.

அவர் பெயரை யாரிடமும் சொல்வதில்லை என்று அன்று வாக்குக் கொடுத்தேன்.

நவம்பர் 3-ஆம் தேதி ஒரு மனைப்பிரிவின் நுழைவு வளைவு தண்ணீரில் நிற்பது போலவும், மீன்கள் மனைக் கற்களில் உள்ள எண்களைப் படிப்பது போலவும் ஒரு படம் வந்தது. யாரோ அதைப் பேருந்து நிறுத்தங்களில் ஒட்டினார்கள். மனை பார்க்க வந்தவர்கள் அதைக் காட்டிக் கேள்வி கேட்கவே, அந்த மனைப்பிரிவின் மேலாளர் பாலகுரு இந்த மனுவைக் கொடுத்ததாக அறிகிறேன்.

இன்று காலை பத்து மணிக்கு நான் கடைக்குப் போனபோது படம் அங்கிருந்துதான் போனது என்று கண்டறியப்பட்டு எட்டுக் கம்ப்யூட்டர்களும் இந்தக் காவல் நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டிருந்தன. இங்கே வந்தபோது ஜெயவேலு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். படம் வரைந்தவர் பெயரைச் சொன்னால் போகலாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவர் என்னைப் பார்த்ததும் மெதுவாக, “நீங்க வாய தொறக்காதீங்க மேடம். அது பொம்பள, ஊரு கண்டபடி பேசும்” என்றார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொடுத்த வாக்கு ஒரு பக்கமும் அவருடைய கடை ஒரு பக்கமும் இருந்தன. நானாகச் சொல்வதில்லை என்று முடிவு செய்து மார்க்கெட்டுக்கு நடந்தேன்.

நடந்ததை முத்தாலம்மாளிடம் சொன்னேன். “நீங்க வர வேண்டாம்னா நான் இப்பவே திரும்பிப் போயிடறேன், அக்கா” என்றும் சொன்னேன். அவர் மீதி மீனைப் பக்கத்துக் கடைக்காரம்மாவிடம் தள்ளிவிட்டுக் கை கழுவினார். “வரைஞ்சது நானு. அவரு எதுக்கு குந்திகினு கீறாரு? வாம்மா போலாம்” என்றார்.

உதவி ஆய்வாளர் தேவானந்தம் அவர்களிடம் தான்தான் வலைக்காரன் என்று அவர் சொன்னபோது, அங்கிருந்த பாலகுரு சிரித்தார். “மீன்காரம்மா கம்ப்யூட்டர்ல படம் போடுதா? யாரையோ காப்பாத்த நாடகம் ஆடுறாங்க சார்” என்றார். உதவி ஆய்வாளர் எழுத்தரை எழுந்திருக்கச் சொல்லி, அவருடைய கம்ப்யூட்டர் முன்னால் முத்தாலம்மாளை உட்காரவைத்தார். அவர் மௌஸை ஒருமுறை புடவையில் துடைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தார். இருபது நிமிடம் ஆனது. வளைவு வந்தது, இரண்டு பக்கமும் தென்னங்கன்று வந்தது, பிறகு தண்ணீர்க் கோடு வந்தது. எழுதிக்கொண்டிருந்த காவலர்களும் எழுந்து பின்னால் வந்து நின்றார்கள். நானும் அவர் வரைவதை நேரில் பார்த்தது இன்றுதான்.

பாலகுரு குனிந்து பார்த்து, “தப்பு சார். அவ்ளோ தண்ணி இல்ல. முட்டிக்குக் கீழதான் நின்னுச்சு” என்றார்.

“அப்ப நின்னுச்சு?” என்று உதவி ஆய்வாளர் கேட்டார்.

முத்தாலம்மாள், “பஸ்ல போவும்போது பாத்தேன் சார். எறங்கி அளக்கல” என்று சொல்லி, கோட்டைச் சற்றுக் கீழே இறக்கிப் போட்டார்.

அதன் பிறகு பாலகுரு மனுவைத் தொடர விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்தார். ஜெயவேலுவிடம் கம்ப்யூட்டர்கள் ஒப்படைக்கப்பட்டன. என் குறிப்பேட்டைக் கேட்டபோது, அதில் வேறு பலருடைய பெயர்கள் இருப்பதால் கொடுக்க இயலாது என்று சொன்னேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

முத்தாலம்மாளின் வாக்குமூலம் என் முன்னிலையில் எழுதப்பட்டது. எழுத்தர் அவர் பெயரை ‘முத்தாலம்மாள் (எ) வலைக்காரன்’ என்று எழுதியிருந்தார். நடுவில் இருப்பது என்ன எழுத்து என்று முத்தாலம்மாள் என்னைக் கேட்டார். என்கிற என்று பொருள், போலீஸில் இரண்டு பெயர் உள்ளவர்களுக்குப் போடுவது, வேண்டாமென்றால் அடிக்கச் சொல்லலாம் என்றேன்.

“வாணாம், இருக்கட்டும். ரெண்டும் நான்தானே” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் கண்டதும் கேட்டதும் தவிர இதில் வேறு எதுவும் இல்லை. யாருடைய வற்புறுத்தலும் இன்றி என் மனதறியக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) க. சித்திகா

எனக்கு முன்பாக,
தேவானந்தம், உதவி ஆய்வாளர்