சங்கு ஊதுதாண்ணே?

தர்மேந்திரன்: என்னை ஏன்லா முறைக்கிற?

துளசி: முறைக்கலண்ணே, சும்மா பாக்கறேன். தைராய்டு வந்து கண்ணு பிதுங்குனதுலேர்ந்து என் பார்வையே இதான்.

தர்மேந்திரன்: முன்னைக்கு இப்ப பரவால. அப்பல்லாம் நீ பாத்தா பக்கத்து வீட்டு நாய் எழுந்து உள்ள போயிடும்.

துளசி: இப்ப?

தர்மேந்திரன்: நின்னு யோசிக்குது.

துளசி: பாத்தியா! அப்ப எனக்கு ஏத்தறது அந்தப் புது மருந்துதான்.

தர்மேந்திரன்: உப்புத் தண்ணியாவும் இருக்கலாம்னாங்களே...

துளசி: பாதிப் பேருக்கு அப்படித்தான். யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணுமாம்.

தர்மேந்திரன்: டாக்டருக்கு?

துளசி: அவருக்கும் தெரியாது.

தர்மேந்திரன்: தெரியாத ஆளப் பாக்க எதுக்கு ஈப்போ வரைக்கும் வரணும்? நம்ம ஊரு செமோர்லயே நான் இருக்கேனே.

துளசி: ஐயோ, மெதுவா பேசுண்ணே. இது ஆராய்ச்சி.

தர்மேந்திரன்: சரி, நானும் ஆராயறேன். ஜன்னல்ல பாரு. ரோட்டுல என்ன தெரியுது?

துளசி: லோரி.

தர்மேந்திரன்: எத்தனை?

துளசி: ஒன்னு... ஒன்னே ஒன்னு! தீபாவளிக்கு ரெண்டு தெரிஞ்சது. வேன் ஓட்டியிருந்தா நடுவுல சந்து இருக்குன்னு விட்டிருப்பேன்.

தர்மேந்திரன்: அதான் சாவிய ஒளிச்சேன்.

துளசி: ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள குடுத்துடு. பிள்ளைங்கள வேற வேன்காரன் ஏத்திட்டா என் பொழப்பு அவ்ளோதான். இன்னும் ரெண்டு ஊசிதான்... அண்ணே...

தர்மேந்திரன்: என்ன?

துளசி: சங்கு ஊதுதாண்ணே?

தர்மேந்திரன்: ...ஊதுது.

துளசி: ஈப்போலயுமா?

தர்மேந்திரன்: காத்து இந்தப் பக்கம் அடிச்சா கேக்கும்லா. பேசாம இரு, நர்ஸ் வருது.

நர்ஸ் கலாதேவி: துளசி அக்கா, ஊசிக்கு முன்னால வழக்கமான கேள்வி. கெண்டைக்கால் இழுக்குதா?

துளசி: இல்ல.

கலாதேவி: காதுல இரைச்சல், விசில் மாதிரி...?

துளசி: இல்லவே இல்ல. வெளிய ஊதற சங்குதான் கேக்குது.

கலாதேவி: சங்கா? யாருக்கு?

துளசி: சீச்சீ, அந்தச் சங்கு இல்லமா! ரப்பர் தோட்டத்துச் சங்கு. விடியக்காலைல ஆளுங்கள பேர் குடுக்க, பெரட்டுக்குக் கூப்புட ஊதுவாங்களே. அண்ணனுக்கும் கேக்குது. சொல்லுண்ணே.

தர்மேந்திரன்: ஊதுது... நல்லாவே ஊதுது.

கலாதேவி: உங்க வீட்டுப் பின்னால இருந்த தோட்டமா? என் சின்னம்மா வீடு அங்கதான் அக்கா. மரத்தையெல்லாம் அழிச்சு வரிசையா வீடு வச்சு தாமான் கட்டி வருசக்கணக்காச்சு. யாரு ஊதறா?

துளசி: அண்ணனையே கேளுமா.

கலாதேவி: அண்ணே?

தர்மேந்திரன்: எனக்கு ஒன்னும் கேக்கலமா. சில பேருக்குக் காதுல சத்தம் வரும்னு மொத நாளே நீங்க சொன்னீங்க. இவ இப்பதான் ஒரு லோரிய ஒரு லோரியா பாக்கறா... சொன்னா ஊசிய நிறுத்திடுவீங்கன்னு...

கலாதேவி: அதுக்காக?

தர்மேந்திரன்: தினமும் கேப்பா, ஊதுதும்பேன். இவ மேல தப்பு இல்ல. நெசமாவே சங்குன்னு நம்பிட்டா, பாவம். ஆமா... உப்புத் தண்ணி ஏத்துனா யாருக்கும் சங்கு ஊதாதுல்ல?

கலாதேவி: எனக்கும் தெரியாதுண்ணே. தெரியவும் கூடாது. மொதல்ல காது டெஸ்ட். ஊசி போடறதா வேணாமான்னு அப்புறம் டாக்டர் சொல்வாரு. அக்கா... நீங்க நெசமாவா நம்புனீங்க?

துளசி: எப்படிமா நம்புவேன்? அந்தச் சங்கைக் கழட்டி பழைய இரும்புக் கடைக்கு ஏத்திட்டுப் போனதே என் வேன்லதானே.