பைப்புக்கு நார்ச் சட்டை

நதியா: பைப்புல இருந்து கைய எடுயா. கொழந்த நெத்தியத் தொட்டுப் பாக்கற மாதிரி பாத்துக்கினே இருக்கிற.

இளவரசன்: காய்ச்சல் இருக்குதான்னு பாக்க வேணாமா?

நதியா: இருக்குதா?

இளவரசன்: உள்ள கொதிக்குது. மேல... வெதுவெதுன்னு இருக்குது. ஆறிப்போன இட்லித் துணி மாதிரி.

நதியா: அப்ப சும்மா ஒக்காரு. நீ தொட்டுத் தொட்டுப் பாத்தா, செஞ்சவனுக்கே நம்பிக்க இல்லன்னு தர்மன் அண்ணன் நெனைக்கப் போறாரு.

இளவரசன்: அவரு எங்க பாக்கறாரு? காலையில இருந்து போன்லதான் இருக்காரு. சாயப்பட்டறை முதலாளின்னு பேரு. சாயம் போடறதெல்லாம் ராமராஜன்.

நதியா: பாவம் அந்தாளு. முழங்கையப் பாத்தியா? வெந்த எடம் இன்னும் கருப்பா இருக்குது.

இளவரசன்: இதே பைப்புல பட்டதுதான். பாய்லர்ல இருந்து தொட்டிக்குப் போற கொதி தண்ணி. நூல தோள்ல போட்டுக்கினு போற ஆளு லேசா சாஞ்சா போதும், தோலு கையோட வந்துடும்.

நதியா: இப்ப சாஞ்சா?

இளவரசன்: இப்ப சாஞ்சா தூக்கம் வரும்.

நதியா: உனக்கு கரண்டு கம்பத்துல சாஞ்சாலும் தூக்கம்தான் வரும்.

இளவரசன்: வராதா பின்ன? நேத்து பூரா வாழ நாரு சீவினது யாரு?

நதியா: சீவினது நீ. சுத்தினது யாரு, தைச்சது யாரு?

இளவரசன்: சரி சரி... பாதி பாதி.

நதியா: அந்த ஓரத்துல மெழுகு எப்படி இருக்குது பாரு.

இளவரசன்: இப்பதான் தொடாதன்ன.

நதியா: கண்ணால பாரு.

இளவரசன்: அப்படியே இருக்குது. தண்ணி தெறிச்சா உள்ள எறங்கக்கூடாதுன்னு நாரு மேல சுத்தித் தைச்ச துணியில தேச்ச மெழுகு, அது இப்ப நமக்கே பரிச்ச வெக்குது. அண்ணன் இன்னா சொன்னாரு? கடைசி தொட்டி ரொம்பற வரைக்கும் ஒரு சொட்டு மெழுகு ஒழுகக்கூடாது. அப்பால என் கைய வெச்சுப் பாப்பேன். சுட்டா கழட்டிக்கினு போயிடு.

நதியா: அவரு சொன்ன மாதிரியே சொல்ற.

இளவரசன்: கழட்டிக்கினு போனா, திங்கக்கிழம பிரேம்நாத் அண்ணன் வண்டி. ஒரகடத்துல புதுசா ஒரு கம்பெனி பைப்பு வேல புடிச்சிருக்காரு. மறுபடியும் பைப்புக்கு அந்தக் கண்ணாடிப் பஞ்சு சுத்தணும்.

நதியா: அந்தப் பைய இப்படி நகத்து.

இளவரசன்: இன்னா, பேச்ச மாத்தற?

நதியா: எத்தினி மணிக்கு எழுந்து சோறு கட்டணுமோன்னு யோசிச்சேன்.

இளவரசன்: யூனிபாரம்?

நதியா: மடிச்சு வெச்சேன்.

இளவரசன்: நீல பக்கெட்டு?

நதியா: அது எங்க போவப் போவுது? இருக்கற எடத்துல இருக்குது.

இளவரசன்: பத்து வருசம்... என் துணிக்குன்னு தனி பக்கெட்டு. வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி வெளியவே நின்னு தண்ணி ஊத்திக்கணும். அப்பவும் அரிப்பு போவாது.

நதியா: ஒரு தடவ மறந்துட்டு தீபிகா கவுன அதுல அலசிட்டேன். ராத்திரி பூரா சொறிஞ்சிக்கினு அழுதுச்சு.

இளவரசன்: அன்னையில இருந்துதான் என்கிட்ட வரமாட்டா. கைய நீட்டினா, "அப்பா குத்தும்"பா. மிட்டாய் வாங்கினு வந்தா கூட, கீழ வெச்சுட்டுப் போன்னு சொல்லுவா.

நதியா: இப்ப வர்றால்ல.

இளவரசன்: இப்ப வர்றா. முந்தாநேத்து நாரு உலத்திக்கினு படுத்திருந்தேன். வயித்து மேல ஏறி ஒக்காந்துக்கினா. நார ஒண்ணொண்ணா எடுத்து என் மீசைக்கு வெச்சுப் பாத்து, "அப்பா, இது குத்தல"ன்னா.

நதியா: என்கிட்ட சொல்லவே இல்ல?

இளவரசன்: எல்லாத்தயும் சொல்லிக்கினே இருக்கணுமா?

நதியா: வேணாம்பா. எல்லாத்தயும் சொல்ல வேணாம்.

இளவரசன்: சித்திரையில பிரேம்நாத் அண்ணன்கிட்ட வேல நின்னுபோச்சு, இங்க இத செஞ்சு பாக்க நேரம் கெடச்சுது. நின்னதும் நல்லதுக்குதான்.

நதியா: ஆமா... நின்னது நல்லதுதான்.

இளவரசன்: இன்னாது தலையில? கனகாம்பரமா?

நதியா: இப்பதான் கண்ணு தெரிஞ்சுதா?

இளவரசன்: வாங்கினியா?

நதியா: வடிவு அக்கா வீட்டு மொட்ட மாடியில பூத்தது.

இளவரசன்: அந்தக்கா பூவ கூட குடுக்குதா? தண்ணி கேட்டாலே டம்ளர எண்ணித்தான் குடுக்கும்.

நதியா: நீ கல்யாண மண்டபத்துல வாழ மரம் எடுக்கப் போயி, மொய் வெக்காம பந்தியில ஒக்காந்தவன். நீ பேசாத.

இளவரசன்: நானா போயி ஒக்காந்தேன்? கல்யாணம் முடிஞ்சுது, வாசல்ல கட்டின மரத்த அறுத்துக்கலாமான்னு கேட்டேன். பொண்ணு வீட்டுப் பெரியவரு, முதல்ல சாப்புடு தம்பின்னு கையப் புடிச்சு இழுத்துட்டாரு.

நதியா: ரெண்டு வாட்டி பொங்கல் வாங்கினியாமே.

இளவரசன்: யாரு சொன்னது?

நதியா: உன் சட்டை சொல்லுச்சு. நெய்யி... இரு, இரு. அங்க பாரு.

இளவரசன்: எங்க?

நதியா: பைப்பு திரும்புது பாரு, அந்த முட்டுல. பளபளன்னு இருக்குது.

இளவரசன்: கூரையில இருந்து ஆவித் தண்ணி சொட்டியிருக்கும்.

நதியா: தண்ணியா இது? வெள்ளையா இருக்குது. மெழுகு.

இளவரசன்: ...ஆமா. மெழுகுதான்.

நதியா: சொட்டிடுச்சா?

இளவரசன்: இன்னும் இல்ல. தொங்கிக்கினு இருக்குது. நேர் பைப்புக்குத்தானே அச்சு வெச்சு சட்டை செஞ்சோம். வளைவுல ரெண்டு துண்டு சேருற எடத்துல வாய பொளந்துடுச்சு. சூடு அந்த வழியா வருது.

நதியா: நாரு இருக்குதா?

இளவரசன்: பையில ஒண்ணும் இல்ல. எல்லாத்தயும் சுத்தியாச்சு. வீட்டுக்குப் போயி வர்றதுக்குள்ள...

நதியா: இந்தா. இத புடி.

இளவரசன்: உன் சும்மாடு.

நதியா: காலையில சட்டைங்கள தலையில தூக்கினு வர்றதுக்கு சுருட்டினது. நம்ம நாருதான். வெண்காரத் தண்ணியில ஊறினது. சடை மாதிரி பின்னியிருக்கேன், பிரிச்சா நீளமா வரும். சுத்து.

இளவரசன்: கொஞ்சம் புடிச்சுக்கோ. சூடு, சூடு... விரல உள்ள விடாத.

நதியா: நீ சுத்து. இறுக்காத, இறுக்காத.

இளவரசன்: தெரியும்மா. நாருக்கு நடுவுல காத்து நிக்கணும், அதுதான் சூட்ட நிறுத்துது. பத்து வருசம் அதானே செஞ்சேன்.

நதியா: அண்ணன் வர்றாரு. மறைச்சுக்கினு நில்லு.

இளவரசன்: ரெண்டு ஆளு அகலமா இருக்கிறேனா நானு?

தர்மன்: இன்னா இளவரசா, புருசனும் பொண்டாட்டியும் பைப்ப கட்டிப் புடிச்சிக்கினு நிக்கிறீங்க?

இளவரசன்: ஒண்ணும் இல்லண்ணே. முட்டுல ஒரு சுத்து கூட போட்டோம்.

தர்மன்: ஒழுகுச்சா?

நதியா: ஒழுகலண்ணே. ஒழுகலாமான்னு யோசிச்சுச்சு. அதுக்குள்ள கட்டிட்டோம்.

தர்மன்: கீழ சொட்டு இல்ல... சரி. ஆனா எனக்கு வேற பயம் இருக்குது. இதுல எலி வருமா?

இளவரசன்: வராதுண்ணே.

தர்மன்: முத தடவ கொண்டாந்து மாட்டினப்பவும் வராதுன்னுதான் சொன்ன. மூணாம் நாளு காலையில பாத்தா, சட்டைக்குள்ள எலி குட்டி போட்டு வெச்சிருக்குது.

நதியா: அது இவரு வேலண்ணே. தறியில பாவு நூலுக்குப் போடற மாதிரி வெறப்பா நிக்கட்டும்னு அரிசிக் கஞ்சி போட்டுட்டாரு.

இளவரசன்: நம்ம ஊர்ல எதுக்குதான் கஞ்சி போடல? பாவுக்குப் போடறோம், வேட்டிக்குப் போடறோம்...

தர்மன்: எலிக்கும் போட்ட.

நதியா: வயித்துக்கும் சாப்பாடு, படுக்கவும் சூடான மெத்த. எங்க வீட்ல கூட அவ்ளோ வசதி இல்லண்ணே.

இளவரசன்: இப்ப கஞ்சியே கெடையாது. நார அடிச்சு, சீவி, வெண்காரத் தண்ணியில ஊற வெச்சு, ஈரத்தோட அச்சுல சுத்தி வெயில்ல காய வெக்கறோம். எலி வாய வெக்காது. தீயும் புடிக்காது.

தர்மன்: தீ புடிக்காதா? வாழ நாரு தீ புடிக்காதுன்னு என்கிட்டயே சொல்ற?

இளவரசன்: இப்ப முட்டுல சுத்தி மிஞ்சின துண்டு இது, அதே நாருதான். லைட்டர குடுங்க. பாருங்க... கருப்பாவுது. எடுத்துட்டேன். நெருப்பு நிக்குதா?

தர்மன்: நிக்கல... இத யாரு சொல்லிக் குடுத்தது?

இளவரசன்: வெண்காரம் பெரிய கம்பெனிங்கள்ல போடறதுதான், பாத்திருக்கேன். நாரு இவ சொன்னது. ஒரு நாளு நான் அரிப்பு தாங்காம கத்திக்கினு இருந்தேன். இவ குழம்பு சட்டிய எறக்கி வாழ நாருல செஞ்ச பிரிமணை மேல வெச்சா. அடியில தரைய தொட்டுப் பாரு, சுடுதான்னு கேட்டா. சுடல.

தர்மன்: அப்ப பிரிமணைய பைப்புல மாட்டிட்டீங்க.

நதியா: அதேதான்ணே. கொஞ்சம் நீளமான பிரிமணை.

தர்மன்: இரு, போன் வருது... சொல்லுங்க, சொல்லுங்க. அரக்கு கலருதான் போட்டுக்கினு இருக்கோம்... ஆமாங்க, பார்டர் நூலு...

நதியா: ஆரம்பிச்சுட்டாரு. கை வெக்கப் போறாருன்னு பாத்தா...

இளவரசன்: கடைசி தொட்டி ரொம்பிடுச்சு. இதான் சூடு ஜாஸ்தி இருக்கற நேரம். இப்ப வெச்சா நல்லாருக்கும்.

நதியா: முட்டு எப்படி இருக்குது?

இளவரசன்: மெழுகு எறங்கல. உன் சும்மாடு நின்னுடுச்சு.

தர்மன்: ...நேத்து குடுத்தது வெளுத்துப் போச்சா? எங்க தொட்டி தண்ணி அப்படிப் பண்ணாதுங்களே... இல்ல இல்ல, நீங்க கேளுங்க...

நதியா: யோவ்.

இளவரசன்: இன்னா?

நதியா: மெதுவா திரும்பு. அண்ணன் கைய எங்க வெச்சிருக்காருன்னு பாரு.

இளவரசன்: எங்க... அட.

நதியா: முழங்கைய பைப்பு மேல ஊனிக்கினு நிக்கிறாரு.

இளவரசன்: சாஞ்சே நிக்கிறாரும்மா. மொத்த ஒடம்பயும் போட்டு. சொல்லட்டுமா?

நதியா: வாயத் தொறக்காத. பேசட்டும்.

இளவரசன்: இந்தாளு போன்ல பேசறது இன்னைக்குத்தான் எனக்குப் புடிக்குது.

நதியா: நீ மூச்ச விடு முதல்ல.

தர்மன்: ...சரிங்க, நாளைக்கு அனுப்பிடறேன். வெச்சுடறேன். அப்பாடா, இந்தக் கடைக்காரங்க... எங்க விட்டோம்? ஆங், கை வெச்சுப் பாக்கணும். தொட்டி ரொம்பிடுச்சா?

இளவரசன்: ரொம்பி ரொம்ப நேரம் ஆச்சுண்ணே. நீங்களும் பாத்துட்டீங்க.

தர்மன்: நான் எப்ப பாத்தேன்? இன்னும் கையே வெக்கலியே.

நதியா: முழங்கைய பாருங்கண்ணே.

தர்மன்: முழங்கைக்கு இன்னா?

இளவரசன்: சுடுதாண்ணே?

தர்மன்: இவ்ளோ நேரம் இதும் மேலயா நின்னேன்?

நதியா: நல்லா சாஞ்சுக்கினு. தலகாணி குடுக்கலாமான்னு கூட பாத்தோம்.

தர்மன்: இந்த எடத்துலதான ராமராஜனுக்கு... ம். சரி. இந்த ஒரு லைனு போதாது. பாய்லர் வாய்ல இருந்து எல்லா பைப்புக்கும் போட்டுடு. என் மச்சான் பட்டறைக்கும் சொல்றேன். முட்டுக்கு மட்டும் தனியா அச்சு வெச்சு செஞ்சுக்கினு வா. தலையில வெக்கற சும்மாட சுத்தி ஏமாத்தாத.

நதியா: பாத்துட்டீங்களா?

தர்மன்: வந்தப்பவே பாத்தேன். நின்னா சரின்னு பேசாம இருந்தேன். ஆமா, அடுத்து ஆடி மாசம் வருதே? கல்யாணமே இருக்காது. வாழ மரத்துக்கு எங்க போவீங்க?

நதியா: ஆடியில தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழு ஊத்துவாங்கண்ணே. கட்டற மரத்த வெச்சு இந்த ஊரு பைப்பு பூராவும் சட்டை போடலாம்.

தர்மன்: உன் பொண்டாட்டி முதலாளியா இருக்க வேண்டியது இளவரசா.

இளவரசன்: வீட்ல அதான்ணே.

தர்மன்: ராமராஜன்கிட்ட சொல்லி டீ வாங்கியாரச் சொல்றேன். ஒக்காருங்க.

இளவரசன்: ...நதியா.

நதியா: ம்.

இளவரசன்: நீயும் சாஞ்சு பாரு. முதுகுக்கு இதமா இருக்குது.

நதியா: நல்லாத்தான் இருக்குது.

இளவரசன்: திங்கக்கிழம சோறு கட்ட வேணாம்.

நதியா: சரி.

இளவரசன்: அந்த யூனிபாரத்த யாருக்காவது குடுத்துடு.

நதியா: குடுக்கறதுக்கு இல்லயே. சித்திரையிலயே குப்ப வண்டில போட்டுட்டேன்.

இளவரசன்: மடிச்சு வெச்சேன்னு சொன்ன?

நதியா: குப்ப வண்டிலதான் வெச்சேன். மடிச்சுத்தான் வெச்சேன்.

இளவரசன்: அப்ப பக்கெட்டு?

நதியா: வடிவு அக்கா வீட்டு மாடியில இருக்குது. மண்ணு ரொப்பி செடி வெச்சிருக்கேன். என் தலையில இருக்கறது அதுல பூத்த பூவுதான்.

இளவரசன்: நல்லாருக்குது கதை. மெழுகு ஒழுகி, அண்ணன் கழட்டிக்கினு போடான்னு சொல்லியிருந்தா? திங்கக்கிழம நான் எத மாட்டிக்கினு வண்டி ஏறியிருப்பேன்?

நதியா: எந்த வண்டி?

இளவரசன்: பிரேம்நாத் அண்ணன் வண்டிதான்... இன்னா அப்படிப் பாக்கற?

நதியா: அவரு பொண்டாட்டி காவேரி சித்திரையிலயே எனக்கு போன் பண்ணிச்சு. "அங்க வேலயெல்லாம் நிக்கலக்கா, உங்க வீட்டுக்காரருதான் ஹெல்மெட்ட மேசை மேல வெச்சு, எம் பொண்ண தூக்கணும், இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு"ன்னுச்சு. போன வெச்சுட்டு, ஆணிய அடுப்புல காய்ச்சி அந்த பக்கெட்டு அடியில ஓட்ட போட்டேன்.