விளிம்பு உருண்டையா இருக்கணும்

இல்ல தம்பி, கலரைப் பத்திக் கேக்கல. இந்த விளிம்பு ஏன் இப்படிக் கத்தி மாதிரி இருக்குன்னு கேட்டேன். புது மாடலா? நல்ல மாடல் போங்க. இதுல ஒரு நெத்தி மோதினா என்னாகும்னு செஞ்சவன் யோசிச்சானா? புருவத்துக்கு மேல இந்த இடம் இருக்கே, இங்க பட்டா ரத்தம் கொட்டு கொட்டுன்னு கொட்டும். காயம் என்னவோ சின்னதுதான். ஆனா கண்ணுக்குள்ள இறங்கி ஒண்ணும் தெரியாமப் பண்ணிடும். வேண்டாம், அடுத்ததைக் காட்டுங்க.

பையா? என்கிட்டயே இருக்கட்டும். கனம்தான், பரவால்ல.

பையன் வரமாட்டான்னுதான் வந்ததுமே சொன்னேனே. உங்ககிட்ட போன்ல பேசினது அவன்தான், சனிக்கிழமை நேர்ல வந்து பாக்கறேன்னு சொன்னதும் அவன்தான். பாத்ரூமை மாத்திக் கட்டணும்கறதே அவன் ஆசைதான். பழைய டைல்ஸ் எல்லாம் பேத்தாச்சு. பிளம்பர் வந்து பாதி வேலையை முடிச்சிட்டு சாமான் செட்டையெல்லாம் அங்கயே போட்டுட்டுப் போயிருக்கார். பழைய தொட்டியை மட்டும் கடைசியா எடுத்துக்கலாம்னு அப்படியே விட்டிருக்கு. ஆனா தொட்டி விஷயம் இப்ப என் பொறுப்புக்கு வந்துடுச்சு.

அவன் போன்ல எதைச் சொல்லி வெச்சான்? இதையா?

அடேங்கப்பா. நல்ல ஆழம். இரும்பு இல்ல? தட்டிப் பாத்தாலே தெரியுதே. மேல வெள்ளைப் பூச்சு, உள்ள இரும்பு. இதோ பாருங்க, விரல் முட்டியால தட்டினா ணங்னு கேக்குது. மண்டை பட்டா இந்தச் சத்தம் வராது. தொம்முனு ஒண்ணு வரும், அதுக்குப் பின்னாடியே தொட்டி முழுக்கக் கொஞ்ச நேரம் அதிரும். சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாக்கூட கேக்கும். ஒரு தடவை கேட்டவங்களுக்கு ஜென்மத்துக்கும் மறக்காது. இதை எடுத்துடுங்க. கேன்சல். கண்ணு முன்னாடியே நிக்க வேண்டாம்.

ஆமா ஆமா, தரமான சரக்குதான், யார் இல்லேன்னா? எங்க வீட்டுல இருக்கற பழசும் இரும்புதான். இத்தனை வருஷத்துல அதுக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் ஆச்சு. இங்க பாருங்க, தோள்பட்டை எலும்பு தூக்கிட்டு நிக்குதா? அது தொட்டி விளிம்பு. இந்தப் பல்லு கட்டினது. அது குழாய் மூக்கு. அதனாலதான் சொல்றேன், குழாய் தலைமாட்டுல இருக்கக் கூடாது. பக்கத்துச் சுவத்துலயே பதிச்ச மாதிரி ஏதாவது இருந்தாக் காட்டுங்க.

சின்னக் குழந்தையா? இல்லப்பா, குழந்தை இன்னும் இல்ல. வழுக்கி விழறதா? அதுவும் இல்ல. நான் ஒரு தடவைகூட வழுக்கி விழுந்ததே கிடையாது. ஆஸ்பத்திரியில மட்டும் ஒவ்வொரு தடவையும் வழுக்கி விழுந்தேன்னு சொல்லியிருக்கேன். ஒரு நர்ஸம்மா, ஏம்மா உங்க வீட்டு பாத்ரூம்ல எண்ணெய் ஊத்தி வெச்சிருக்கீங்களான்னு கேட்டாங்க. ரெண்டு பேரும் சிரிச்சோம். சிரிச்சா விலா வலிக்கும், அதோடயே சிரிச்சேன்.

எங்க வீட்டுக்காரர் தம்பி. வேற யாரு? இப்ப இல்ல, போய்ச் சேந்துட்டார். தூக்கத்துலயே போயிட்டார், மூச்சுகூட முட்டல. நல்ல மனுஷனுக்குத்தான் இப்படி ஒரு சாவு வாய்க்கும்னு வந்தவங்கெல்லாம் என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. நான் வாயைப் பொத்திக்கிட்டேன். அழறேன்னு நெனச்சுக்கிட்டாங்க.

நீங்க ஏன் தம்பி தலையைக் குனிஞ்சுக்கறீங்க? வேலையைப் பாருங்க. அந்த மூலையில இருக்கே, அது என்ன? அக்ரிலிக்கா? அமுக்கிப் பாக்கலாமா? ம். கொஞ்சம் குடுக்குது. விளிம்பு உருண்டையா இருக்கு. கையை வெச்சா ஊனிக்க இடம் இருக்கு, பாத்தீங்களா, ரெண்டு பக்கமும் பிடி வெச்சிருக்கான். பழசுல இது கிடையாது. சோப்புத் தண்ணியில விளிம்பைப் பிடிச்சா வழுக்கும். மேல ஒருத்தன் முழங்காலை வெச்சு அழுத்திக்கிட்டு இருக்கும்போது வழுக்கினா, அப்புறம் பிடிக்கவே முடியாது.

வழிஞ்சு போற ஓட்டை எங்க இருக்கு? அதாம்ப்பா, தண்ணி ரொம்பி மேல வராம இருக்கறதுக்குப் பக்கத்துல ஒரு வட்டமா வெச்சிருப்பாங்களே. ஓ, இவ்ளோ கீழயா! நல்லது. இதுல துணியை வெச்சு அடைக்க முடியுமா? இந்தக் கம்பி வலையைக் கழட்ட முடியாதுல்ல? நல்லாப் பாத்துச் சொல்லுங்க, எனக்கு இதுதான் முக்கியம்.

ஏன்னா எங்க வீட்டுக்காரர் அதைத்தான் முதல்ல அடைப்பார். ஒரு பழைய துணியை எடுத்து, ரெண்டா மடிச்சு, முறுக்கி, நுனியில ஒரு முடிச்சுப் போட்டு அதுக்குள்ள செருகுவார். அப்பத்தான் தண்ணி விளிம்பு வரைக்கும் ரொம்பும். அவர் துணியைத் தேட ஆரம்பிச்சாலே நான் வளையலைக் கழட்டி வெச்சிடுவேன். பாத்ரூம் தாழ்ப்பாளையும் அவரே கழட்டி வெச்சிட்டார். குடும்பத்துக்குள்ள எதுக்குத் தாழ்ப்பாள்னு கேப்பார். அதுக்கப்புறம் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே போடல. நானாவது போட்டிருக்கலாம், போடல. அதுவும் ஒருவிதத்துல நல்லதாப் போச்சு.

எங்க பையன் அப்ப குட்டிப் பையன். கதவுக்கு வெளிய துண்டை வெச்சுக்கிட்டு நிப்பான் தம்பி. நான் வெளிய வந்ததும் உடம்பு பூராப் போத்தி விட்டு, தலையைத் துவட்டி விடுவான். கை எட்டாது. குனிம்மா, குனிம்மான்னு சொல்லிக்கிட்டே அழுவான். இந்தப் புள்ள எனக்காகப் பொறந்த புள்ளைன்னு நெனப்பேன். ஊருல இருக்கற எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். பொண்ணு பாக்கப் போன இடத்துலயும் அதையேதான் சொன்னேன். என் பையன் ஒரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டான், உங்க பொண்ணை நம்பிக் குடுங்கன்னு. என் வாயாலதான் சொன்னேன்.

அந்தப் பொண்ணுக்குத்தான் இந்தத் தொட்டி. எம் மருமக. வெந்நீர்ல படுத்துக் கெடக்கறதுன்னா அவளுக்கு உசுரு. கல்யாணமாகி வந்த புதுசுல உள்ள படுத்துக்கிட்டே பாடுவா. பாட்டு சகிக்காது, தாளமாவது ஒண்ணாவது. ஆனா அந்த வீட்டுல அந்த ரூமுக்குள்ளயிருந்து பாட்டுச் சத்தம் வருதேன்னு நான் அடுப்பை அணைச்சிட்டு நின்னு கேப்பேன். அப்புறம் பாட்டு நின்னு போச்சு. ஏம்மா பாடறதில்லைன்னு கேட்டா, தொண்டை சரியில்ல அத்தைன்னா. தொண்டையை மறைச்சு ஒரு துணியைச் சுத்தியிருந்தா. நானும் கஷாயம் வெச்சுக் குடுத்தேன் பாருங்க. எனக்கே வித்தை காட்டுறா, நானும் பாத்துக்கிட்டே இருந்திருக்கேன்.

நேத்து நான் தொட்டியைத் தேய்க்கப் போனேன். வழிஞ்சு போற ஓட்டையில துணி. ரெண்டா மடிச்சு, முறுக்கி, நுனியில முடிச்சு. அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல தம்பி. வெளியில நின்னவன் கதவிடுக்கு வழியாப் பாத்திருக்கான். நான் அந்தத் துணியைப் பிடுங்கி அடுப்புல போட்டேன். ராத்திரி அவன் சாப்பிட வந்தப்ப, எதுக்கும்மா என் துணியை எடுத்தேன்னு கேட்டான். சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே கேட்டான், அவங்கப்பா கேக்கற மாதிரியே.

சரி, இது போதும். இதையே போட்டுடுங்க. அதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை இதுல படுத்துப் பாக்கட்டுமா? செருப்பைக் கழட்டிட்டுத்தான் ஏறுவேன். யாராவது பாத்தா பாக்கட்டும்ப்பா, கடைக்கு வந்தவ சாமானைப் பாக்கறா. கையைக் குடுங்க.

ஆ. முதுகுக்கு நல்லா இருக்கு. தலையை வெக்க பள்ளம் விட்டிருக்கான், கெட்டிக்காரன். தம்பி, நான் ஒரு தடவைகூட தொட்டியில கண்ணை மூடினதில்ல. கதவையே பாத்துக்கிட்டு இருப்பேன். ஒரு நிமிஷம் மூடிக்கறேன். நீங்க பில்லை எழுதுங்க.

மருமக பேர்ல போடுங்க. கொண்டு வர்றப்ப அவதான் வீட்டுல இருப்பா, நான் இருக்க மாட்டேன். இன்னிக்கு அவங்கம்மா வீட்டுக்கு அனுப்பியிருக்கேன், தலையில கட்டு போட்டு பஸ் ஏத்திவிட்டுட்டுத்தான் வந்தேன். வந்துடுவா. கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் சேத்து அனுப்புங்க, நல்லா கனமான தாழ்ப்பாளா. உள்பக்கம் போடறது.

என் பையன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமா? எதுக்கு? ஆர்டர் அவன் பேர்ல இருந்தா அவனேதான் மாத்தணுமா? எடுக்க மாட்டான் தம்பி. சொன்னாக் கேளுங்க. சரி, உங்க திருப்திக்குப் போன் பண்ணுங்க.

கேக்குதா? ஆமா, என் பையிலதான் அடிக்குது. அவன் போன்தான். தரையில கெடந்துச்சு, நனையப் போகுதேன்னு எடுத்து வெச்சேன். பையைத் தொடாதீங்க, உள்ள பிளம்பரோட ரிஞ்சும் இருக்கு, பைப்பைத் திருகற அந்த இரும்பு. கழுவல. போலீஸ்ல கேப்பாங்கல்ல, அதான். இங்கேருந்து நேரா அங்கதான் போறேன்.

காலையில சத்தம் கேட்டுச்சு தம்பி. அதே தொம்முனு, அதே அதிர்வு. ஓடினேன். தாழ்ப்பாள்தான் கிடையாதே, தள்ளினதும் திறந்துக்கிச்சு. அவன் கதவுக்கு முதுகைக் காட்டிக் குனிஞ்சு நிக்கறான், கையில அவ முடி. அவ காலு மட்டும் தண்ணியை அடிச்சுக்கிட்டு இருக்கு. டேய்னு கூப்பிட்டேன். திரும்பிப் பாத்தான். பாத்துட்டு மறுபடியும் அமுக்கினான். ரிஞ்சு காலடியிலயே கெடந்துச்சு. எத்தனை அடின்னு கேட்டா எனக்குத் தெரியாது. அவங்கப்பாவுக்குச் சேர வேண்டியதும் அதுலயே போயிடுச்சுன்னு நெனைக்கறேன்.

கையைக் குடுங்க, எந்திரிக்கறேன். ஏன் தம்பி பின்னாடி போறீங்க? உக்காருங்கப்பா.

பழைய தொட்டியை நீங்களே எடுத்துட்டுப் போயிடறதா அவன்கிட்ட போன்ல சொன்னீங்க இல்ல? ஆளுங்களை இன்னிக்கு அனுப்பாதீங்க. அவன் இன்னும் அதுலதான் இருக்கான். குளிரும்னு மேல ஒரு துண்டு போத்திட்டு வந்திருக்கேன்.